ஓட்டுச் சீட்டு நீளமா இருந்தா யாருக்கு வலிக்குது?

தேர்தல் வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் ஒரு கோபம் தவறாமல் வந்துவிடும். "எதுக்குய்யா இத்தனை பேரு நிக்கிறாங்க? பேரைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிடும் போலிருக்கே!" அடுத்த வரி அதைவிடத் தவறாமல் வரும். "டெபாசிட்டை அஞ்சு லட்சம் ஆக்குங்க. அப்புறம் எவன் வர்றான்னு பாப்போம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். படித்தவர்களும் இதையே கொஞ்சம் நாகரிகமான தமிழில் சொல்கிறார்கள். விளம்பரப் பிரியர்களாம், டம்மிகளாம், ஜனநாயகத்தைக் கேலிக்கூத்து ஆக்குகிறார்களாம். ஆனால் இந்தக் கோபம் விலாசம் தப்பிப் போன தபால். வாக்கு இயந்திரத்தில் இருக்கும் பெயர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, அதனால் அவற்றின் மேல் எரிச்சல் வருகிறது. உண்மையான நெரிசல் வேறொரு இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. அங்கே ஓட்டுப் போட ஒருவருக்கும் உரிமை இல்லை. அதைப் பற்றி டீக்கடையில் பேச்சே கிடையாது.

முதலில் கண்ணுக்குத் தெரியும் கூட்டத்தைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் கூட்டம் என்றால் மொடக்குறிச்சிதான். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கத்து அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று காட்டுவதற்காக மொத்தமாக மனுத் தாக்கல் செய்தவர்கள். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதாவது அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளவில்லை! சரி, ஜெயித்தது யார் என்பதில் ஏதாவது குழப்பம் வந்ததா? இல்லை. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஏறக்குறைய 40,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆயிரம் பெயருக்கு நடுவிலும் மக்கள் தேடிய பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே 1996ல் டெல்லியில் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆனது. ஒரே அடியில் இருபது மடங்கு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்ற எல்லோருக்கும் பத்துப் பேர் என்றும் ஆக்கினார்கள். 2009ல் மறுபடியும் ஏற்றம், சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி.

இத்தனைக்கும் பிறகு கூட்டம் போய்விட்டதா? 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 59 பேர். 2023ல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர். 2024 மக்களவைத் தேர்தலில் கரூரில் 54 பேர். ஆயிரம் பேர் நிற்பது நின்றது, ஐம்பதும் எழுபதும் நிற்பது நிற்கவில்லை.

இனி டெபாசிட்டை ஏற்றினால் யார் நின்றுபோவார் என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர்க் குழப்பத்துக்காக நிறுத்தப்படும் டம்மி வேட்பாளர் சொந்தக் காசில் டெபாசிட் கட்டுவதில்லை. அவரை நிறுத்தியவர் கட்டுவார். கோடிகளில் செலவு செய்கிறவருக்கு 25,000 என்பது ஒரு நாள் பிரச்சார வேன் செலவுக்குக் காணாது. 2024ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் டெபாசிட் கட்ட முடிந்திருக்கிறது, பாருங்கள். இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு ஓரளவாவது மருந்தாக இருப்பது, 2015லிருந்து தேர்தல் ஆணையம் பெயருக்குப் பக்கத்தில் வைக்கும் வேட்பாளர் போட்டோ. அதற்கு வாக்காளர் பையிலிருந்தோ வேட்பாளர் பையிலிருந்தோ பத்துப் பைசா பிடுங்கத் தேவைப்படவில்லை.

இப்போது கல்வராயன் மலைக்கு வாருங்கள். வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போடும் ஒரு மலையாளிப் பழங்குடி விவசாயி மக்களவைக்கு நிற்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சலுகை போக அவர் கட்ட வேண்டியது 12,500 ரூபாய். 2024-25ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அப்படியென்றால் 39 நாள் கூலி. ஒரு வேளை சோறுகூடச் சாப்பிடாமல் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு. அதுவும் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் திரும்பி வராத பணம். டீக்கடைக்காரர் சொல்லும் ஐந்து லட்சத்தில் அவருக்குப் பாதி என்றால் இரண்டரை லட்சம், 783 நாள் கூலி. இந்த வேலி டம்மியை நிறுத்தாது. இந்த விவசாயியை நிறுத்தும். வேலி போடுகிறோம் என்று சொல்லி மாட்டை உள்ளே விட்டுக் கன்றை வெளியே கட்டுகிற வேலை இது.

சரி, கூட்டத்தால் கெடுதலே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பெயர்களின் எண்ணிக்கையால் வருவதில்லை, ஓட்டு எண்ணும் முறையால் வருகிறது.

2024ல் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தி.மு.க.வின் மலையரசன் 5,61,589 ஓட்டு. அ.தி.மு.க.வின் குமரகுரு 5,07,805. வித்தியாசம் 53,784. நாம் தமிழர் கட்சியும் பா.ம.க.வும் ஆளுக்கு 70 ஆயிரத்துக்கு மேல் வாங்கின. இந்த இரண்டில் எந்த ஒன்றின் ஓட்டும் ஜெயித்த வித்தியாசத்தைவிட அதிகம். அந்த மக்களிடம் "உங்கள் ஆள் ஜெயிக்கவில்லை என்றால் மீதி இருவரில் யார் வேண்டும்?" என்று கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கலாம், மாறாமல் இன்னும் பலமாகவும் ஆகியிருக்கலாம். இயந்திரம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஒரு பொத்தான், ஒரு சத்தம், முடிந்தது கதை. ஜெயித்தவருக்கும் பாதிப் பேர் ஆதரவு இருந்தது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை, தோற்றவருக்கும் மனசு ஆறவில்லை. சின்னக் கட்சிக்குப் போட்டவரைப் பார்த்து "ஓட்டைப் பிரிச்சிட்டான்" என்று ஏச்சு வேறு. அவர் யாருடைய ஓட்டைப் பிரித்தார்? அவருடைய ஓட்டை அவர் போட்டார், அவ்வளவுதானே.

இதே நோயை அமெரிக்காவும் பட்டுப் பார்த்தது. அங்கே ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்காரர்களும் ஆதரவாளர்களும் மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். 2016ல் குடியரசுக் கட்சியில் மட்டும் முக்கியமான போட்டியாளர்கள் 17 பேர். முதல் டிவி விவாதத்தில் மேடை போதாமல் பத்துப் பேரை இரவிலும், மீதி ஏழு பேரை முன்னதாகவே வேறு நேரத்திலும் பேச வைத்தார்கள். தெற்குக் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். ஆனால் அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு யாருக்கோ போட்டிருந்தார்கள், அந்த வேறு யாரோ ஐந்தாகப் பிரிந்து கிடந்தார்கள். "பாத்தீங்களா, கூட்டம் சேர்ந்தா இதுதான் கதி" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அங்கே தப்பு செய்தது 17 என்ற எண்ணா? முன்னால் இருப்பவருக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும் விதியா?

அதே நாட்டில் நியூயார்க் நகரம் வேறு மாதிரி யோசித்தது. 2021 மேயர் தேர்தலுக்காக ஜனநாயகக் கட்சிக்குள் 13 பேர் போட்டியிட்டார்கள். வாக்காளர் ஐந்து பேர் வரைக்கும் 1, 2, 3 என்று வரிசை போடலாம். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி, எட்டாவது சுற்றில் எரிக் ஆடம்ஸ் பாதியைத் தாண்டி ஜெயித்தார். போட்டியாளர்களில் இருவர் ஒன்றாகச் சேர்ந்து பிரச்சாரம் செய்த அதிசயமும் நடந்தது. எதிராளியின் ஆதரவாளரிடம் இரண்டாவது ஓட்டு கேட்க வேண்டியிருக்கும்போது எதிராளியை வாய்க்கு வந்தபடி திட்ட முடியாதல்லவா?

அமெரிக்காக்காரன் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவுக்கு இது பழைய சங்கதி. 1969 ஜனாதிபதித் தேர்தலில் 15 பேர் நின்றார்கள். முதல் விருப்பத்தில் வி.வி. கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. யாருக்கும் பாதி இல்லை. மற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி அடுத்த விருப்பங்களை எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. நாட்டின் ஜனாதிபதி தீர்மானிக்கப்பட்டது இரண்டாவது விருப்ப ஓட்டுகளால். பதினைந்து பேர் நின்றதால் குடி முழுகிப் போகவில்லை.

இன்றைக்கும் ஜனாதிபதித் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று எழுதித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்த சங்கராபுரத்து வாக்காளருக்கு அந்த உரிமை கிடையாது. பிரதிநிதிக்கு இரண்டாவது விருப்பம் உண்டாம், அவரை அனுப்பிவைத்த முதலாளிக்குக் கிடையாதாம். எந்தக் கணக்குப் புத்தகத்தில் இப்படிப் பற்று வரவு எழுதுவார்கள்?

"கிராமத்து ஜனங்களுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று கேட்கிறவர்கள் கடல் தாண்டிப் பக்கத்தில் பார்க்கட்டும். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பம் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் 38 பேர் போட்டி. யாருக்கும் பாதி கிடைக்காமல், அந்த நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ண வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு முதல் விருப்பத்தைப் போட்டுவிட்டு, அநுரவா சஜித்தா என்பதையும் அதே சீட்டில் சொல்ல முடிந்தது. மனசாட்சிக்கு ஒன்று, நடைமுறைக்கு ஒன்று. இரண்டில் ஒன்றைக் கொன்றுவிட்டு வரத் தேவையில்லை.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டாம் சுற்றில் அநுரவுக்குக் கூடியது 1,05,264, சஜித்துக்குக் கூடியது 1,67,867. நீக்கப்பட்ட 36 பேருக்கும் விழுந்த ஓட்டு 33 லட்சத்துக்குக் குறையாது. அதில் பத்தில் ஒரு பங்குகூட அடுத்த சுற்றில் உதவவில்லை. பெரும்பாலானோர் ஒரே ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆக, உரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். சொல்லிக்கொடுக்காதது மக்களின் தப்பு ஆகாது.

இனிதான் முக்கியமான விஷயம். அந்தச் சாத்திய கதவு.

அமெரிக்காவில் அந்த 17 பேரும் ஊரறிய மோதினார்கள். தமிழ்நாட்டுக் கட்சிகளில் கூட்டம் அதைவிடப் பெரியது, ஆனால் அது கட்சி ஆபீஸுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பெயர் விருப்ப மனு. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. விருப்ப மனுவுக்குப் பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாயும், பெண்களுக்கும் தனித் தொகுதிக்கும் 15,000 ரூபாயும் வாங்கியது. அ.தி.மு.க. தமிழ்நாட்டுக்கு 15,000 வாங்கியது. அரசாங்கம் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்கும் டெபாசிட் 10,000, தனித் தொகுதியில் 5,000. கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். தேர்தலில் நிற்பதற்கு ஆகும் செலவைவிட, "நிற்க ஆசைப்படுகிறேன்" என்று கட்சியிடம் சொல்வதற்கு ஆகும் செலவு இரண்டரை மடங்கு, தனித் தொகுதியில் மூன்று மடங்கு! டெபாசிட் கம்மி என்று கோபப்படுகிறவர்கள் இதைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

பணம் கட்டினால் என்ன நடக்கும்? 2021 மார்ச் 4ஆம் தேதி அ.தி.மு.க. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் நேர்காணல் நடத்தி முடித்தது. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். தூங்காமல் கொள்ளாமல் 24 மணி நேரமும் நடத்தியிருந்தாலும் ஆளுக்கு 11 விநாடிதான் வரும். அதனால் மாவட்டம் மாவட்டமாகக் கூட்டமாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். சீட் யாருக்கு என்பது பிறகு ஒரு பட்டியலாக வெளியே வந்தது. ஏன் இவருக்கு, ஏன் அவருக்கு இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. முப்பது வருஷம் கொடி கட்டிய கிளைச் செயலாளருக்கும் டிவியில் பார்த்துத்தான் தெரியும். மற்றக் கட்சிகள் இதில் உத்தமம் என்று யாரும் சான்றிதழ் கொடுக்க முடியாது. தேதியும் கட்டணமும் மாறும், கதவு ஒன்றுதான்.

அமெரிக்காவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1968ல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு மாநிலத்திலும் உட்கட்சித் தேர்தலில் இறங்காமலேயே கட்சித் தலைவர்கள் தயவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டு வாசலில் ரத்தக்களரி. அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்றி, 1972லிருந்து முடிவைத் தொண்டர்கள் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கு அங்கே தெரியும் நெரிசல், கதவைத் திறந்ததற்குக் கொடுக்கும் விலை. கதவைச் சாத்தினால் நெரிசல் குறையாது, சத்தம் வெளியே கேட்காது, அவ்வளவே.

இந்தியாவில் யாருமே முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014ல் காங்கிரஸ் சுமார் 15 மக்களவைத் தொகுதிகளில் கட்சிக்குள் ஓட்டெடுப்பு வைத்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. வதோதராவில் அப்படி ஜெயித்தவர் நரேந்திர ராவத். நரேந்திர மோடி அங்கே போட்டியிடுகிறார் என்று தெரிந்ததும் ராவத் விலக, மேலிடம் மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தியது. ஓட்டெடுப்பு வைத்தவர்களுக்கே அதன் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. அந்த முயற்சி அப்படியே அமுங்கிப் போனது.

"கட்சிக்குள்ள ஓட்டு வெச்சா அங்கயும் காசு கொடுப்பாங்க" என்று ஒரு பதில் ரெடியாக இருக்கும். கொடுப்பார்கள்தான். ஆனால் ஒரு தொகுதியில் பத்தாயிரம் உறுப்பினர்களை விலைக்கு வாங்குவது சுலபமா, ஒரு அறைக்குள் இருக்கும் நாலு பேரைக் குளிர்விப்பது சுலபமா? இதற்கு வாக்கு இயந்திரமும் வேண்டாம், அரசியல் சட்டத் திருத்தமும் வேண்டாம். ஒரு கல்யாண மண்டபம், ஒரு பெட்டி, 1, 2, 3 என்று எழுத ஒரு பேனா போதும்.

இதெல்லாம் கல்வராயன் மலைக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த மலைக்குத்தான் இது ரொம்பத் தேவை. நாடு விடுதலை அடைந்து 29 வருஷம் கழித்து, 1976ல்தான் மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அந்த மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அது இருக்கும் சங்கராபுரம் பொதுத் தொகுதி. தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு என்று ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டே இரண்டு. சமவெளி ஓட்டுகளுக்கு நடுவே மலை ஓட்டு கரைந்துவிடும். 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் முடிந்தது. ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகுதான், ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கையில் எடுத்தது. சாலை, பட்டா, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்... இவையெல்லாம் எந்தக் கட்சியின் நேர்காணலிலாவது கேள்வியாக வந்தனவா? ஒருவருக்கும் தெரியாது. கதவு சாத்தியிருந்தது.

மலையிலிருந்து ஒருவர் தன் ஊர்ச் சாலைக்காக மட்டும் நிற்கட்டும். அவருக்கு மூவாயிரம் ஓட்டு விழட்டும். அந்த மூவாயிரம் பேரின் இரண்டாவது விருப்பம் எண்ணப்படும் என்றால் பெரிய கட்சி வேட்பாளர் மலை ஏறியே தீர வேண்டும், அந்தச் சாலையைப் பற்றிப் பேசியே தீர வேண்டும். இன்றைக்கு இருக்கும் முறையில் அந்த மூவாயிரம், டெபாசிட் போன ஒரு பெயருக்கு எதிரே இருக்கும் வெறும் எண். டெபாசிட்டை ஏற்றிவிட்டால் அந்த எண்ணும் இருக்காது.

ஆகவே அடுத்த தேர்தலில் வாக்கு இயந்திரம் நீளமாக இருந்தால் எரிச்சல் படாதீர்கள். அந்தப் பெயர்களாவது ஊர் பார்க்க வந்து நிற்கின்றன. எரிச்சல் பட வேண்டியது, அதில் முதலில் இருக்கும் இரண்டு மூன்று பெயர்களை யார், எங்கே, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பார்த்து. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களை நிறுத்துறதுக்கு உங்க கட்சியில எத்தனை பேர் ஓட்டுப் போட்டாங்க?"

பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் கவனியுங்கள். பதினோரு விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.